சுடர்க்கொடியின் களைப்பு

சுடர்க்கொடி ஓடினாள், எபநேசர் சாருக்கு மூச்சு வாங்கியது. நடந்தது இவ்வளவுதான். பாளையங்கோட்டையில் எங்கள் பொருநை டென்னிஸ் கழகத்தின் இரண்டாம் செம்மண் தளத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, பதிமூன்று வயதுச் சுடர்க்கொடி அடிக்கோட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நாற்பது முறை ஓடி, நாற்பது பந்தையும் திருப்பி அனுப்பிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட, ஆனால் மூச்சு துளியும் தடுமாறாமல், "அடுத்தது போடுங்க சார்" என்றாள். வலைக்கு அந்தப் பக்கம் கூடையருகே நின்ற இடத்திலேயே நின்று பந்து போட்டுக்கொண்டிருந்த பயிற்சியாளர் எபநேசர் சார் இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றிக் குனிந்து, நாக்கு உலர, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் சர்க்கரை என்றார்கள். பிறகு ரத்த அழுத்தம் என்றார்கள். டாக்டர் கோமதிநாயகம் இரண்டும் இல்லை என்றார். அரையாண்டுப் பரீட்சைக்காகச் சுடர்க்கொடி பத்து நாள் வராமல் இருந்தபோது சார் கழகத்து மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். பரீட்சை முடிந்து அவள் வந்து ஓட ஆரம்பித்ததும் நாற்காலியைத் தேடினார். அதோடு விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது, வியர்வை அவளுடையது, களைப்பு அவருடையது என்று. ஏன் இப்படி என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் குழாயில் திடீரென்று தண்ணீர் வந்தால் ஏன் வருகிறது என்று ஆராய மாட்டார்கள், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

நான் அந்தக் கழகத்தின் செயலாளர். உள்ளூர்ப் போட்டிகளில் உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து புள்ளி சொல்கிறவனும் நானே. எதற்கெடுத்தாலும் விதிப்புத்தகத்தைப் புரட்டுகிற வியாதி எனக்கு உண்டு என்று ஊரில் கேலி பேசுவார்கள், பேசட்டும். மதுரையிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர், "இது அநியாயம், அந்தப் பொண்ணுக்குக் களைப்பே இல்ல, எல்லாத்தையும் இவர் சுமக்காரு" என்று எழுதிக் கொடுத்தபோது, நான் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். ஆட்டத்தின்போது பயிற்சியாளர் பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது என்று இருந்தது. பயிற்சியாளருக்கு மூச்சு வாங்கக் கூடாது என்று எங்கும் இல்லை. புகாரைத் தள்ளுபடி செய்து கையெழுத்துப் போட்டேன், அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எபநேசர் சாரிடம் இருந்த வித்தை ஒன்றே ஒன்று. "இன்னும் ஒரு பந்து" என்பார். எதிராளி எப்படி அடித்தாலும் நீ இன்னும் ஒரு பந்தைத் திருப்பி அனுப்பு, தவறு செய்கிற வேலையை அவளிடம் விட்டுவிடு என்பார். அவருடைய பிள்ளைகள் அதைக் காலையிலும் மாலையிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள், ஆனால் எந்தப் பிள்ளையானாலும் மூன்றாவது செட்டில் கால் கனக்கும், அந்த இன்னும் ஒரு பந்துக்கு ஓடாமல் நின்றுவிடும். சுடர்க்கொடிக்குக் கால் கனக்கவே கனக்காது. மாவட்டத்தில் ஆடினாள், மாநிலத்தில் ஆடினாள், எதிரே நின்ற பெண்கள் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோய் அழுதுகொண்டே கைகுலுக்கினார்கள். சார் வாகை மரத்தடியில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டிக் கிடந்தார். கிடந்தபடியே கட்டைவிரலை உயர்த்தினார்.

ஊர் அதற்கு ஒரு வழி பண்ணிக்கொண்டது. நாற்காலிக்கு மெத்தை வந்தது. உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீரைச் சுடர்க்கொடி குடிப்பதில் பயனில்லை என்று கண்டு சாருக்குக் கொடுத்தார்கள். அவள் ஓடிவிட்டு வந்தால் சாரின் கெண்டைக்காலை நீவிவிட ஆள் இருந்தது. அவள் வெளியூரில் ஆடும் நாட்களில்தான் வேடிக்கை. களைப்புக்குத் தூரம் கிடையாது, அவள் சென்னையில் ஓடினாலும் சண்டிகரில் ஓடினாலும் இங்கே இவருக்கு மூச்சு வாங்கும். ஆகவே ஆட்ட நாளில் கழகத்து வாசலில் டீக்கடை அண்ணாச்சி முதல் பேங்க் மேனேஜர் வரை சாரின் நாற்காலியைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். ஸ்கோர் போனிலும் வரும்தான், ஆனால் அது பத்து நிமிடம் பிந்தி வரும், சாரின் முழங்கால் உடனே சொல்லும். "வலது தோள அமுக்குதாவ பாரு, சர்வீஸ் இவளுது" என்பார் ஒருவர். "மூச்சு இழுத்து விடுதாவ, பெரிய பாயிண்டுல்லா ஓடுது" என்பார் இன்னொருவர். சார் கண்ணை மூடியபடி, "கொஞ்சம் காத்து வர விடுங்கய்யா" என்பார்.

பிறகு, சாரிடமே பயின்ற மேலப்பாளையத்து ரெஹானாவின் களைப்பும் அவரிடமே வந்து சேர்ந்தது. அதற்கும் ஒரு முன்னறிவிப்பும் இல்லை, ஒரு வியாழக்கிழமை வந்தது. அதைப் பார்த்துவிட்டு மற்ற பெற்றோரும் தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்து சாரின் காலில் விழ வைத்தார்கள், ஒரு தகப்பனார் மகனைச் சார் பக்கத்திலேயே நிறுத்தித் தோப்புக்கரணம் போட வைத்துப் பார்த்தார், பையனுக்குத்தான் மூச்சு வாங்கியது. இந்த இரண்டு பெண்களைத் தவிர வேறு யாருடையதும் அவரிடம் போகவில்லை. சாரின் மனைவி கிரேஸ்லின் டீச்சர் மட்டும் இதில் ஒரு நாளும் கலந்துகொள்ளவில்லை. பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்து பார்த்தால் கணவர் பிசைந்த சோற்றில் கை வைத்தபடி தூங்கிக்கொண்டிருப்பார். "நாலு வருசமாச்சு, நானும் இவரும் உக்காந்து ஒரு வார்த்தை பேசி" என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதிருக்கிறார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஜெயிக்கிறபோது இதெல்லாம் பார்க்க முடியுமா என்றுதான் நினைத்தேன்.

அந்த நான்காம் ஆண்டு மாநில இறுதியாட்டம் எங்கள் தளத்திலேயே வைத்தார்கள், இறுதியில் மோதியது எங்கள் பெண்கள் இருவருமே. ஊரே மாலையும் வெடியும் வாங்கி வைத்திருந்தது. யார் ஜெயித்தாலும் கோப்பை நம்முடையது என்று நோட்டீஸ் அடித்தது நான். களைப்பே தெரியாத இரண்டு பேர், தவறு செய்கிற வேலையை எதிராளியிடம் விட்டுவிடு என்று பழக்கப்பட்ட இரண்டு பேர், எதிரெதிரே நின்றால் என்ன ஆகும் என்று விதிப்புத்தகம் முழுக்கப் படித்த எனக்குத் தோன்றவில்லை.

பந்து போனது, வந்தது, போனது, வந்தது. ஒரு புள்ளிக்கு இருநூற்றுப் பதினொரு அடி நான் எண்ணினேன். உச்சி வெயில். முதல் செட் முடிய இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து திரும்பி வந்து பார்த்தால் அதே கேம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பந்துகள் மயிர் உதிர்ந்து மொட்டையாகின, புதுப் பந்து கொடுத்தோம், அதுவும் மொட்டையாயிற்று. இரண்டு பெண்களும் காலையில் வந்தபடியே நின்றார்கள். வாகை மரத்தடியில் இரண்டு பேருடைய களைப்பும் சேர்ந்து ஒரே ஆள்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கி நாலே முக்கால் மணி நேரத்தில் சாரின் கையிலிருந்த தம்ளர் மண்ணில் விழுந்ததைப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்ததைப் பார்த்தேன். உயர நாற்காலியில் இருந்தவன் நான், எனக்குத்தான் முதலில் தெரிந்தது. பார்த்துவிட்டு, "டியூஸ்" என்று புள்ளி சொன்னேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன்.

அடுத்த பந்து சுடர்க்கொடியின் பக்கம் வந்தபோது அவள் சாரின் நாற்காலியைப் பார்த்தாள். மட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்த பந்தைக் கையால் பிடித்தாள். அப்படிப் பிடித்தால் புள்ளி போய்விடும், அதைச் சொல்ல வாயெடுத்தேன், அவள் அதற்குள் வேலியைத் தாண்டி ஓடிவிட்டாள். ரெஹானா பின்னாலேயே ஓடினாள். கோப்பையை யாருக்குக் கொடுத்தோம் என்பதுகூட இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை.

சார் பிழைத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் கோமதிநாயகம் எங்களையெல்லாம் நிற்க வைத்து, "அம்பத்தி நாலு வயசு இதயம், மூணு பேருக்கு ஓடுது. இனி இப்படி ஒரு மேட்ச் வந்தா நான் பொறுப்பேத்துக்க மாட்டேன், நீங்களே தூக்கிட்டுப் போயிக்கிடுங்க" என்றார். ரெஹானா தன் வாப்பாவோடு கட்டிலருகே வந்து, "நான் காலேஜ்ல சேந்துட்டேன் சார். மேட்ச் ஆட மாட்டேன். நீங்க நல்லாருக்கணும்" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சுடர்க்கொடியை அவளுடைய அப்பா பேச்சிமுத்து, மோட்டார் காயில் கட்டுகிற கடையைப் பூட்டிவிட்டு, கோயம்புத்தூரில் வேறொரு பயிற்சியாளரிடம் கொண்டுபோய் விட்டார், ஆளை மாற்றினால் களைப்பும் மாறிவிடும் என்று. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்த எபநேசர் சார் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான்காம் நாள் அவளைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டார்கள்.

தேசியப் போட்டிக்கு ஏழு வாரம் இருந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரில் அவளுக்கு அதுதான் கடைசி ஆண்டு. முதல் எட்டுப் பேருக்குள் வந்தால் தேசிய முகாமில் இடம், இல்லையென்றால் மட்டையைச் சுவரில் மாட்டிவிட வேண்டியதுதான். கடந்த இரண்டு வருடமும் அவளை எட்டுக்குள் வர விடாமல் அடித்தவள் ஒரே ஆள், புனேக்காரி ஒருத்தி. அவள் நாலு பந்து அடிப்பாள், ஐந்தாவதை எட்டாத இடத்தில் வைத்து முடித்துவிட்டுப் போவாள். எட்டாத பந்துக்குக் களைப்பு இல்லாத கால் இருந்து என்ன செய்ய?

சுடர்க்கொடி சாரின் வீட்டுக்கு வந்து, "நான் போகல சார்" என்றாள்.

"போகலன்னா, நாலு வருசமா நான் எதுக்குட்டி மூச்சு வாங்கினேன்?" என்று சார் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். அவள் அழுததும் குரல் இறங்கியது. "தப்பு உம்மேல இல்ல. எம்மேல. எனக்குத் தெரிஞ்சது ஒரே பாடம், அதையே உனக்கும் போட்டேன். களைச்சவளுக்குத்தான் சட்டுனு முடிச்சிரணும்னு தோணும். உனக்குக் களைப்பே தெரியாது. பெறகு எப்படித் தோணும்?"

"களைப்புன்னா எப்படி சார் இருக்கும்?"

சார் தன் தொடையைத் தொட்டுக் காட்டினார். "மொதல்ல தொடையில வரும். சுடுதண்ணி ஊத்துன மாதிரி. பெறகு தோள்ல. பந்தைத் தூக்கிப் போடுத கை கனக்கும். கடைசியா மனசுக்கு வரும், இந்தப் பந்தை விட்டுருவமான்னு கேக்கும். அது கேட்டா விட்டுறாத, ஓடிக்கிட்டே இருக்கவும் செய்யாத. அடுத்த அடியிலயே முடிச்சிரு. முன்னால ஏறிப் போயி வலைகிட்ட நின்னு முடிச்சிரு."

"எனக்கு அப்படி ஒண்ணும் கேக்க மாட்டேங்கு சார்."

"உனக்குக் கேக்க வேண்டியதெல்லாம் எனக்குல்லா கேக்குது" என்றார் சார். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த ஏழு வாரமும் அவர் அவளுக்குக் களைப்பைச் சொல்லிக் கொடுத்தார். பார்வையில்லாதவருக்குப் பச்சை நிறத்தை விளக்குகிற வேலைதான் அது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், தனக்குத் தொடை எரிய ஆரம்பித்ததும் துண்டைத் தூக்குவார், உடனே அவள் இரண்டு அடிக்குள் புள்ளியை முடிக்க வேண்டும். அவள் முடிக்கப் போய்ப் பந்தை வலையில் அடித்தாள், வேலிக்கு வெளியே அடித்தாள், ரோட்டில் போன ஆட்டோமேல்கூட அடித்தாள். ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்குமேல் டாக்டர் விடவில்லை. போட்டியில் துண்டு காட்ட சார் அங்கே இருக்கப் போவதில்லை, இருந்தாலும் விதிப்படி கூடாது. ஐந்தாம் வாரம் பத்துக்கு நாலு முடித்தாள். ஏழாம் வாரமும் பத்துக்கு நாலுதான்.

புறப்படுகிற நாள் சொல்லிக்கொள்ள வந்தபோது கிரேஸ்லின் டீச்சர் அவளுக்கு நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லா ஆடு. ஆனா வெரசா முடிச்சிரு எம்மா. எனக்கு இவரு வேணும்" என்றார். சுடர்க்கொடி தலையை ஆட்டினாள்.

தேசியப் போட்டி நடந்த இந்தூரில் முதல் இரண்டு சுற்றும் எளிதாகத்தான் போயின. சார் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் லேசாக வியர்த்து அடங்கிவிட்டது. மூன்றாம் சுற்றில், அதில் ஜெயித்தால் எட்டுக்குள் வந்துவிடலாம் என்கிற இடத்தில், புனேக்காரியே வந்து நின்றாள். ஆட்டம் காலை பத்து மணிக்கு. இந்த முறை நாற்காலியைச் சுற்றி யாரும் கமெண்ட்ரி சொல்லவில்லை. டாக்டர் கோமதிநாயகம் சாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

முதல் செட் சுடர்க்கொடிக்கு. இரண்டாவது புனேக்காரிக்கு. மூன்றாவதில் பழைய பழக்கம் வந்துவிட்டது. நெருக்கடி வந்ததும் சுடர்க்கொடி அடிக்கோட்டில் நின்றுகொண்டு வருவதையெல்லாம் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் ஸ்கோரைப் பார்க்கவில்லை. சாரின் உதடு வெளுத்ததைப் பார்த்தோம். டாக்டர் எழுந்து, "போனப் போடுங்க, நிறுத்தச் சொல்லுங்க" என்று கத்தினார். தளத்துக்குள் இருக்கிறவளிடம் போன் ஏது? மேலே கேலரியில் இருந்த பேச்சிமுத்துவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. டீச்சர் மண்ணில் முழங்காலிட்டுவிட்டார். நான் இந்த முறை எதையும் எண்ணவில்லை, கர்த்தரே, முருகா, அவள் தோற்றுவிடட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போது சாரின் மூச்சு நின்றது என்றுதான் நினைத்தோம். நிற்கவில்லை, அடங்கியிருந்தது. உதட்டில் நிறம் வந்தது. டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, எண்ணி, மறுபடியும் எண்ணினார். சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொடையைத் தட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்லையே" என்றார். அவர் முகத்தில் இருந்தது பயம்.

"ஆட்டத்த விட்டுட்டா போலுக்கு" என்றார் அண்ணாச்சி.

போனில் ஐந்து-ஐந்து என்று நின்றிருந்தது, அப்புறம் நகரவே இல்லை. அரை மணி நேரம் நாங்கள் அப்படியே இருந்தோம். சார் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். நான்கு வருடமாக அவளுக்கு என்ன ஆனாலும் முதலில் தெரிந்துகொண்ட மனிதருக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை.

போன் வந்தது. பேச்சிமுத்து, "இந்தா பேசுதா" என்று மகளிடம் கொடுத்தார். சார் ஸ்பீக்கரில் போட்டார். முதலில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. இழுத்து இழுத்து, உடைந்து உடைந்து, ஓடிவந்த பிள்ளையின் மூச்சு. அந்த மூச்சு அவளிடமிருந்து வந்து நாங்கள் கேட்டதே இல்லை.

"சார்... கால் நிக்க மாட்டேங்கு சார். தொடையில தீயா எரியுது. மொதல்ல தொடையிலதான் வந்துச்சு, நீங்க சொன்னியள்ளா, அப்படியே."

"எப்பட்டி வந்துச்சு?"

"அஞ்சுக்கு அஞ்சுல. பயந்துட்டேன். ஒரு பந்துக்கு ஓட முடியல, நின்னுட்டேன். இனி பின்னால நின்னா முடியாதுன்னு தெரிஞ்சிச்சு சார். அதான் முன்னால ஏறிட்டேன். எல்லாப் பந்துக்கும் ஏறிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஏழு-அஞ்சு. ஜெயிச்சிட்டேன். சார், இது எப்ப போகும்?"

"போகும்" என்றார் சார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. "உடனே உக்காராத. மெதுவா நட. தண்ணி குடி. நாளைக்குக் காலையில இதவிட வலிக்கும், பயப்படாத. எல்லாருக்கும் வலிக்கதுதான்."

வெடி போட்டார்கள். மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் எனக்குப் போட்டார்கள், நான் கழற்றி டீச்சர் கையில் கொடுத்தேன். சத்தமெல்லாம் அடங்கிக் கூட்டம் கலையத் தொடங்கியபோது சார் மெதுவாக நாற்காலிக்குப் போனார், முதுகைச் சாய்த்தார், காலை நீட்டினார், ஒரு பெருமூச்சு விட்டார். போய்க்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பி ஓடிவந்தோம்.

"சார், என்ன செய்யுது?"

"களைப்பா இருக்கு."

டாக்டர் மறுபடி மணிக்கட்டைப் பிடித்தார். அண்ணாச்சி போனை எடுத்து, "அங்க திரும்ப ஆடுதாளா?" என்று பதறினார்.

எபநேசர் சார் கண்ணை மூடியபடி கையை மட்டும் அசைத்தார்.

"அவ ஆடல. இது என்னோடது."